உள்ளடுக்கின் பசி

(மருத்துவமனை ஆதரவாளர் குடும்பக் கூடுகையில் மருத்துவமனை குருவானவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குருவானவர் பேசுகிறார் என்றால் ஒரு தியானம் இருக்கும் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று தியானம் அல்ல, ஒரு பாடம். நான் பன்னிரண்டு வருடம் பிந்திக் கற்றுக்கொண்ட பாடம்.

"இருதயம்" என்ற சொல்லைப் பிரசங்க பீடத்திலிருந்து எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேனோ, கணக்கில்லை. ஆனால் நம் நெஞ்சுக்குள் துடிக்கிற அந்தச் சதைத் துண்டுக்கு ஆகாரம் எப்படிப் போகிறது, எந்த நேரத்தில் போகிறது, எந்தப் பகுதிக்குக் கடைசியில் போகிறது என்பதை அறியாமலே பேசிக்கொண்டிருந்தேன். அந்த அறியாமைக்கு விலை கொடுத்தவர் நான் அல்ல. வேறொருவர் கொடுத்தார்.

ஒரு அசனப் பண்டிகை இரவு

1994ஆம் வருடம். நான் அப்பொழுது ஒரு கிராமச் சேகரத்தில் இளம் குருவானவர். சபையில் அசனப் பண்டிகை. பெரிய அண்டாக்களில் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் கொதித்தன. எங்கள் உபதேசியாருக்கு வயது ஐம்பத்தெட்டு. விடியற்காலையிலிருந்து பந்தி பந்தியாகப் பரிமாறி, கடைசிப் பந்தியில்தான் அவர் உட்கார்ந்தார். இரவு பத்து மணிக்கு அவருடைய மகன் வந்து என் கதவைத் தட்டினான். "ஐயா, அப்பாவுக்கு நெஞ்சு கரிக்குதாம். உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

போய்ப் பார்த்தேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. "கறிக்குழம்பு ஒத்துக்கலைபோல ஐயா. நெஞ்சுல ஒரு பாரம், அவ்வளவுதான்" என்றார். அவர் மனைவி ஓமத்தண்ணீர் கொடுத்திருந்தார்கள். நான் அருகில் அமர்ந்து ஜெபித்தேன். அடுத்த தெருவில் வாடகைக் கார் இருந்தது. ஒன்றரை மணி நேரப் பயணத்தில் ஆஸ்பத்திரி இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "படுத்துத் தூங்குங்கள் அண்ணாச்சி. சரியாகாவிட்டால் காலையில் பார்ப்போம்" என்றேன்.

"சரி ஐயா" என்றார். குருவானவர் சொன்ன பிறகு அவர் வேறு என்ன சொல்வார்?

காலையில் அவர் முகம் சாம்பல் நிறமாகியிருந்தது. ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஈ.சி.ஜி. தாளைக் கையில் பிடித்துக்கொண்டு டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?" நான் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தாளை மடித்து வைத்தார்.

உபதேசியார் பிழைத்தார். ஆனால் இருதயத்தின் முன்சுவர் பலவீனமாகிவிட்டது. சைக்கிளில் மூன்று ஊர்களுக்குப் போய் வந்தவர், பிறகு கோயில் படி ஏறுவதற்கே இரண்டு இடத்தில் நின்றார். அப்படியே ஐந்து வருடம் வாழ்ந்தார். அந்த ஐந்து வருடமும் என்னைக் காணும்போதெல்லாம் ஒரே வார்த்தைதான்: "அன்னைக்கு ராத்திரி வந்து ஜெபம் பண்ணினீங்களே ஐயா!" அவர் நன்றி சொல்லும்போதெல்லாம் நான் தலை குனிந்தேன். நான் ஜெபித்தது தவறல்ல. ஜெபித்து முடித்த பிறகு சொன்ன வார்த்தைதான் தவறு.

அந்த ஒன்பது மணி நேரத்தில் அவர் நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்பதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

நிறைந்த அறை, பட்டினிச் சுவர்

2006இல் நான் மருத்துவமனைப் பணிக்கு வந்தேன். ஒருநாள் நர்சிங் மாணவிகளின் வகுப்பறையைக் கடந்து போகையில், மேசைமேல் ஒரு தட்டில் ஆட்டு இருதயம் இருந்தது. கசாப்புக் கடையில் வாங்கியது. டாக்டர் அதைக் கத்தியால் பிளந்து பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அனுமதி கேட்டுப் பின் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "இருதயத்தின் அறைகளில் எப்போதும் இரத்தம் நிறைந்திருக்கிறதே, அந்த இரத்தத்தை இருதயச் சுவர் நேரடியாகக் குடிக்க முடியுமா?" முடியும் என்றுதான் நானும் நினைத்தேன். முடியாதாம். அறையை ஒட்டிய மிக மெல்லிய ஒரு படலம், ஒரு மில்லிமீட்டரிலும் குறைந்த அளவு, மாத்திரமே அப்படிப் பெற முடியும். மீதிச் சுவரெல்லாம் கடல் நடுவே படகில் இருந்து தாகத்தால் வாடுகிற மீனவரைப் போலத்தான். சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு வாய் இல்லை.

அப்படியானால் ஆகாரம் எங்கிருந்து வருகிறது? இருதயத்திலிருந்து புறப்படும் மகாதமனியின் அடிவாரத்திலேயே இரண்டு சிறு குழாய்கள் பிரிகின்றன. இவை கரோனரி குழாய்கள். கிரீடம் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். இருதயத்தின் தலையில் வைத்த கிரீடம்போல் அவை சுற்றிப் படர்வதைத் தட்டில் கிடந்த ஆட்டு இருதயத்திலும் பார்த்தேன். இடது குழாய் இரண்டாகப் பிரிந்து, ஒன்று முன்சுவருக்கும் நடுச்சுவரின் பெரும்பகுதிக்கும், மற்றொன்று பக்கச் சுவருக்கும் போகிறது. வலது குழாய் வலப் பக்கத்துக்கும், பெரும்பாலோருக்கு இருதயத்தின் அடிப்பாகத்துக்கும் போகிறது. இவை யாவும் வெளிப்புறத்தில், கொழுப்பின் ஊடே ஓடுகின்றன. அங்கிருந்து சிறு கிளைகள் செங்குத்தாகச் சுவருக்குள் இறங்கி, வெளியடுக்கு, நடுவடுக்கு, உள்ளடுக்கு என்று வரிசையாக இரத்தம் கொடுக்கின்றன.

அளவைக் கேளுங்கள். வளர்ந்த மனிதனின் இருதயம் சுமார் 300 கிராம். ஓய்வாக இருக்கும்போது அது நிமிடத்திற்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தை உடம்பு முழுவதற்கும் அனுப்புகிறது. அதில் தனக்கென்று எடுத்துக்கொள்வது சுமார் 250 மில்லி, அதாவது இருபதில் ஒரு பங்கு.

அடுத்த காரியம் இன்னும் முக்கியம். உடம்பின் மற்றப் பாகங்கள் எல்லாம் சேர்ந்து இரத்தத்திலுள்ள பிராணவாயுவில் சுமார் நான்கில் ஒரு பங்கை மாத்திரமே எடுக்கின்றன. தேவை கூடினால் இன்னும் எடுத்துக்கொள்ளலாம். இருதயமோ ஓய்வு நேரத்திலேயே நூறில் எழுபது பங்கை உறிஞ்சிவிடுகிறது. மிச்சம் வைத்த கணக்கு அதனிடத்தில் இல்லை. ஆகவே வேலை கூடினால் அதற்கு ஒரே வழிதான்: அதிக இரத்தம் வரவேண்டும். நல்ல குழாய்கள் விரிந்து நாலைந்து மடங்கு வரைக்கும் கூடுதலாகக் கொடுக்கும். அடைப்புள்ள குழாய்களால் அது முடியாது.

ஓய்வில் உண்ணும் உறுப்பு

இருதயம் சுருங்கும்போது உடம்பெல்லாம் இரத்தம் பாய்கிறது. அதே வேளையில் இடது கீழறையின் தடித்த சுவர், ஈரத்துணியைப் பிழிவதுபோல், தனக்குள் ஓடும் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. பிறகு தளரும்போதுதான் அந்தச் சுவருக்குள் இரத்தம் பெரும்பாலும் பாய்கிறது. எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும் அம்மாவைப் போல, உடம்பின் மற்ற உறுப்புகள் உண்ட பின்பே இடது இருதயம் உண்கிறது. இத்தாலியரான ஸ்காரமுச்சி என்பவர் 1695ஆம் வருடத்திலேயே இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தார். வலது கீழறையில் அழுத்தம் குறைவு. அதனால் அதன் சுவருக்கு இரண்டு வேளையும் இரத்தம் கிடைக்கிறது.

இதைக் கேட்டவுடனே ஓய்வைக் குறித்துப் பிரசங்கம் செய்ய என் நாவு துடித்தது. அதை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். கணக்கை மாத்திரம் பார்ப்போம். நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு முக்கால் விநாடிக்குச் சற்று அதிகம். அதில் பாதிக்கு மேல் ஓய்வு. துடிப்பு 150 ஆகும்போது ஒரு துடிப்புக்கு 0.4 விநாடிதான். சுருங்கும் நேரம் அவ்வளவாகக் குறைவதில்லை. குறைவதெல்லாம் ஓய்வு நேரமே. அதாவது, அதிகப் பசியுள்ள வேளையில் சாப்பிடும் நேரம் மிகவும் குறுகிப்போகிறது!

தலைமடையும் கடைமடையும்

இப்பொழுது சுவருக்குள்ளே போவோம். இடது கீழறையின் சுவர் சுமார் ஒரு சென்டிமீட்டர் தடிப்பு. அதற்குள் எல்லா இடத்திற்கும் ஒரே விதமாய் இரத்தம் கிடைக்கிறதா? நமது கால்வாய்ப் பாசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியடுக்கு தலைமடை வயல். குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. சுருங்கும் நேரத்திலும் அதற்குக் கொஞ்சம் இரத்தம் வருகிறது. உள்ளடுக்கோ கடைமடை வயல். குழாயிலிருந்து தூரம். அதோடு அறைக்குள்ளிருக்கும் இரத்தத்தின் அழுத்தம் முழுவதும் அதன்மேல்தான் விழுகிறது. சுருங்கும் நேரத்தில் அதற்குள் இரத்த ஓட்டம் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆனால் வேலைச்சுமை அதற்குத்தான் சற்று அதிகம்.

அப்படியிருந்தும் சுகமுள்ள மனிதனில், ஒரு நிமிடக் கணக்கில் பார்த்தால், உள்ளடுக்குக்கு வெளியடுக்கைவிடக் குறையாமல், சொல்லப்போனால் சற்றுக் கூடுதலாகவே இரத்தம் கிடைக்கிறது. எப்படி? உள்ளடுக்கின் சிறு குழாய்கள் முன்னமேயே அதிகமாய் விரிந்து, கிடைக்கிற ஓய்வு நேரத்தில் இழுத்துக்கொள்கின்றன. பிராணவாயு குறையும் இடத்தில் தசையே அடினோசின் போன்ற பொருள்களைச் சுரந்து, "மடையைத் திற" என்று குழாய்களுக்குச் சொல்கிறது.

ஆபத்தும் இதிலேதான் இருக்கிறது. கால்வாயில் தண்ணீர் குறைந்தால் தலைமடைக்காரர் தன் மடையை இன்னும் கொஞ்சம் திறந்துகொள்வார். கடைமடைக்காரர் என்ன செய்வார்? அவர் தன் மடையை முன்னமே திறந்துவைத்துவிட்டார். இனித் திறக்க ஒன்றுமில்லை. ஆகவே குழாய் சுருங்கினால் முதலாவது வாடுவது உள்ளடுக்கு. நடக்கும்போது நெஞ்சில் பாரம் வந்து, நின்றவுடன் மறைகிறதே, அந்த வேளையில் கடைமடை காய்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட நேரத்தில் ஈ.சி.ஜி. கோடு பெரும்பாலும் கீழே தாழ்கிறது. சுவரின் முழுத் தடிப்புக்கும் இரத்தம் நின்றால் கோடு மேலே எழும்புகிறது. உபதேசியாரின் தாளில் அது மேலே எழும்பியிருந்தது.

பெரிய குழாயில் அடைப்பே இல்லாமலும் உள்ளடுக்கு பட்டினி கிடக்கலாம். பல வருடமாய் இரத்த அழுத்தத்தைக் கவனியாமல் விட்டால் சுவர் தடித்து, கடைமடை இன்னும் தூரமாகிறது. மகாதமனி வாசலின் வால்வு குறுகினால் அறைக்குள் அழுத்தம் ஏறி, உள்ளடுக்கை நெரிக்கிறது. இரத்தசோகை இருந்தால் வருகிற தண்ணீரிலேயே சத்து இல்லை. "எனக்கு அடைப்பு இல்லை" என்பதற்காக யாரும் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

மருந்துகளின் வேலையும் இப்பொழுது விளங்கும். நாவின் கீழ் வைக்கும் மாத்திரை இரத்தக் குழாய்களைத் தளர்த்தி, இருதயத்துக்குத் திரும்பிவரும் இரத்தத்தைக் குறைக்கிறது. அறை நிரம்பித் திணறுவது குறைகிறது, உள்ளடுக்கின்மேலுள்ள நெருக்கம் இறங்குகிறது. ஸ்காட்லாந்து தேசத்தவரான ஜேம்ஸ் பிளாக் 1960களில் பீட்டா பிளாக்கர் மருந்துகளை உருவாக்கினார். இருதயத்துக்கு இரத்தத்தைக் கூட்டுவதற்குப் பதிலாக, அதன் பரபரப்பைக் குறைப்போம் என்பது அவர் யோசனை. துடிப்பு மெதுவானால் ஓய்வு நேரம் நீளுகிறது, கடைமடைக்குத் தண்ணீர் எட்டுகிறது. 1988இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

உள்ளிருந்து வெளியே

இனி அந்த ஒன்பது மணி நேரத்திற்கு வருகிறேன். குழாயின் உட்சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, குழாய் முழுவதும் அடைத்துவிடுகிறது. இதுவே மாரடைப்பு. அடைத்த அந்த நொடியிலேயே தசை செத்துவிடுவதில்லை. இதை நன்றாய்க் கவனியுங்கள். சாவு ஓரிடத்தில் தொடங்கி, நடந்து போகிறது.

1977ஆம் வருடம் அமெரிக்காவில் ரெய்மர், ஜென்னிங்ஸ் முதலான ஆராய்ச்சியாளர்கள் நாய்களின் இருதயத்தில் இதை அளந்து வெளியிட்டார்கள். ஏறக்குறைய கால் மணி நேரத்துக்குள் குழாயைத் திறந்துவிட்டால் தசை பிழைத்துக்கொள்கிறது. 40 நிமிடம் அடைத்துத் திறந்தபோது சுவரின் தடிப்பில் 38 சதவீதம் மடிந்திருந்தது. 3 மணி நேரத்தில் 57 சதவீதம். 6 மணி நேரத்தில் 71 சதவீதம். திறக்காமலே விட்டபோது 85 சதவீதம். மடிவது எங்கே தொடங்கியது? உள்ளடுக்கில். அங்கிருந்து அலைபோல் வெளியடுக்கை நோக்கி நகர்ந்தது. மனிதரில் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். பக்கத்துக் குழாய்களிலிருந்து சிறு கிளைகள் வந்து தாங்கினால் மெதுவாகும். ஆனால் திசை இதுதான்.

ஆம், பிரியமானவர்களே! உபதேசியாருக்கு வேர்த்துக்கொட்டிய அந்த இரவு பத்து மணிக்கு, அவருடைய முன்சுவரில் பிழைக்கக்கூடிய தசை இன்னும் மிகுதியாய் இருந்திருக்கும். நான் விளக்கை அணைத்துப் படுத்தபோதும் இருந்திருக்கும். ஒவ்வொரு மணி நேரமும் ஒரு அடுக்கு போய்க்கொண்டிருந்தது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அந்நாளிலும் வழி இருந்தது. 1986இல் இத்தாலியில் பதினோராயிரத்துக்கும் அதிகமான நோயாளிகளிடம் செய்த ஆய்வில், உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தைச் சோதித்தார்கள். வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் மரணம் ஏறக்குறைய பாதியாய்க் குறைந்தது. நேரம் செல்லச் செல்லப் பயன் சுருங்கியது. ஆறு மணி நேரத்துக்குப் பின் கொடுத்தவர்களிடம் பயன் தென்படவில்லை. மருந்து அதே மருந்துதான். மாறியது கடிகாரம் மாத்திரமே.

1977 செப்டம்பர் 16ஆம் தேதி சூரிச் நகரில் ஆந்திரேயாஸ் குருன்சிக் என்ற டாக்டர், விழித்திருந்த ஒரு மனிதரின் கரோனரி குழாயை முதன்முறையாகப் பலூன் வைத்து விரித்தார். அந்த வழி வளர்ந்து, இன்று மாரடைப்பு வந்தவுடனேயே குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைக்கிறார்கள். ஆனால் எந்தப் பலூனும் செத்த தசையை உயிர்ப்பிக்காது. இன்னும் சாகாததைத்தான் காப்பாற்றும். எவ்வளவு மிச்சம் கொண்டுவந்து சேர்க்கிறோம் என்பது வீட்டாராகிய நம் கையில் இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

முதலாவது, அடையாளங்களை அறிந்துகொள்ளுங்கள். நெஞ்சின் நடுவே பாரம், இறுக்கம், எரிச்சல். அது இடது கைக்கோ, தாடைக்கோ, முதுகுக்கோ பரவலாம். வேர்வை, மூச்சுத்திணறல், வாந்தி வரும் உணர்வு, மேல்வயிற்றில் கரிப்பு. சர்க்கரை நோயாளிகளுக்கும், முதியவர்களுக்கும், பெண்களுக்கும் வலி தெளிவாய் இல்லாமலே போகலாம். திடீர்ச் சோர்வும் மூச்சுமுட்டலும் வேர்வையும் மாத்திரமே இருக்கலாம். "வாயு" என்று தீர்ப்பு எழுதுகிற வேலை நம்முடையது அல்ல. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த டாக்டர் அதைச் சொல்லட்டும். முதல் ஈ.சி.ஜி. சரியாயிருந்தாலும், வலி நீடித்தால் மறுபடியும் எடுக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, நோயாளியை நடக்கவிடாதேயுங்கள். மாடிப்படி இறங்கவோ, ஸ்கூட்டர் ஓட்டவோ விடாதேயுங்கள். காரணம் இப்பொழுது உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு அடியும் துடிப்பைக் கூட்டுகிறது, ஓய்வு நேரத்தைத் திருடுகிறது, உள்ளடுக்கின் வாயிலிருந்து கவளத்தைப் பிடுங்குகிறது. வசதியாய்ச் சாய்ந்து உட்காரவையுங்கள். நாற்காலியோடு தூக்கிச் செல்லுங்கள்.

மூன்றாவது, உடனே 108ஐ அழையுங்கள். 1994இல் எங்கள் கிராமத்தில் அந்த வசதி இல்லை. இன்று இருக்கிறது. இரவு என்றோ, மழை என்றோ, பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்றோ தயங்கவேண்டாம். வலி தொடங்கிய மணியை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள். ஆஸ்பத்திரியில் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

நான்காவது, உங்கள் வீட்டுக் கடைசிப் பந்தி யார் என்று பாருங்கள். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, "எனக்கு ஒன்றுமில்லை, நீங்கள் போய்த் தூங்குங்கள்" என்று சொல்கிறவர் அவர்தான். அவர் தனக்காக ஒருபோதும் கார் பிடிக்கச் சொல்லமாட்டார். நாம்தான் பிடிக்க வேண்டும்.

எனக்கு இன்றும் இரவில் அழைப்பு வருகிறது. "ஐயா, அப்பாவுக்கு நெஞ்சு வலி, ஜெபம் பண்ணுங்க" என்கிறார்கள். நான் ஜெபிக்கிறேன். அதற்கு முன்னே கேட்பது: "வண்டிக்குச் சொல்லிவிட்டீர்களா?" சொல்லவில்லை என்றால், "போனை வைத்துவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள். நான் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறேன்" என்பேன். ஜெபத்தை வாசலிலும் செய்யலாம். போன தசையைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

உபதேசியார் வீட்டுத் திண்ணையில் அவருடைய சைக்கிள் ஐந்து வருடம் சாய்ந்தே நின்றது. பேரன் மாத்திரம் அவ்வப்போது துடைத்துவைப்பான். அதைப் பார்த்தவர்கள் ஒரு நோயாளியின் சைக்கிள் என்று நினைத்தார்கள். எனக்கு அது "காலையில் பார்ப்போம்" என்று நான் சொன்ன வார்த்தை.

அந்த வார்த்தை உங்கள் வீட்டில் ஒருபோதும் சொல்லப்படாதிருப்பதாக. கர்த்தர் உங்களைக் காப்பாராக.